நாற்சந்தியில் கை தூக்காதவன்

அயர்லாந்தின் கூல்ரோ கிராமத்தில் யாராவது கண்ணை மூடினால் முதலில் பாதிரியாருக்கு ஆள் ஓடும், அடுத்து கோப்னிட் லிஹேன் வீட்டுக்கு ஓடும். பாதிரியார் வீடு தூரம், கோப்னிட் வீடு பக்கம். அதனால் பல நேரம் அவள்தான் முதலில் வந்து நிற்பாள்.

இறந்தவர்களைக் கழுவி, உடுத்தி, கிடத்துவது அவள் வேலை. வேலை என்று சொன்னாலும் கூலி கிடையாது. ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியும் கிடைக்கும். இருபத்து மூன்று வயதில் ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக் கிழவர் காய்ச்சலில் போனபோது தொட ஆளில்லாமல் எல்லாரும் வாசலில் நின்றார்கள். நிற்பதற்கா வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு யாரும் வேறு ஆளைத் தேடவில்லை. பால் பண்ணைக்கு வண்டி ஓட்டும் ஹம்ஃப்ரி அவளை எங்கே பார்த்தாலும் சீண்டுவான். அவள் கை அவ்வளவு குளிர்ச்சியாம், அந்தக் கையில் அகப்படப் பயந்துதான் அவன் இன்னும் சாகாமல் இருக்கிறானாம்.

சொந்த வீட்டார் தங்கள் பிணத்தைக் கழுவக் கூடாது என்பது ஊர்வழக்கம். கழுவிய பிறகு தாடை தொங்காமலிருக்க ஒரு துணிக்கட்டு, கால்கள் விலகாமலிருக்க கட்டைவிரல்களைச் சேர்த்து ஒரு நாடா, பழுப்பு அங்கி, விரல்களுக்கிடையே ஜெபமாலை. பெட்டியை மூடுவதற்கு முன் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிட வேண்டும். ஒரு முடிச்சு விட்டுப்போனாலும் இறுதித் தீர்ப்பு நாளில் அந்த ஆள் கட்டுண்டபடிதான் எழுந்திருப்பான். அதுவரை அவன் ஆத்துமா கிடந்த இடத்தில் கிடக்காது. பாதிரியார் இதைக் கேட்டுச் சிரிப்பார். வேண்டாம் என்று சொன்னதில்லை.

1921 மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹம்ஃப்ரியின் குதிரை நாற்சந்திக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஹம்ஃப்ரி இறங்கிப் பார்த்தான். மதிலோரம் டெனி க்ரீடன் குப்புறக் கிடந்தான். புரட்டிப் பார்த்தால் மார்பில் இரண்டு குண்டு.

டெனிக்குப் பத்தொன்பது வயது. விதவை ஜூலியாவின் ஒரே பிள்ளை. கண்ணி வைத்து முயல் பிடிப்பான். வழியில் யார் எதிர்ப்பட்டாலும் கை தூக்கி முகமன் சொல்லாமல் கடக்க மாட்டான். கூல்ரோவில் எல்லாரும் செய்வதுதான், ஆனால் டெனி கொஞ்சம் அதிகம். மூடுபனியில் ஒருநாள் மைல்கல்லுக்குக் கை தூக்கிவிட்டான் என்றும், அது பதில் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டான் என்றும் பையன்கள் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

முதல் நாள் மாலை ஆங்கிலப் பட்டாளத்தின் இரண்டு லாரிகள் அந்த வழியாகப் போயிருந்தன. யாரும் வேறு எதுவும் யோசிக்கவில்லை. அந்த வசந்தத்தில் லாரிகள் போன வழியெல்லாம் ஏதோ ஒரு வீட்டில் அழுகை இருந்தது.

கோப்னிட் ஜூலியாவின் சமையலறை மேசையில் டெனியைக் கழுவினாள். ஜூலியா பக்கத்து அறையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். முகம், கழுத்து, மார்பு என்று வந்து கையைத் தூக்கினபோது மணிக்கட்டில் தடம் தெரிந்தது. இரண்டு மணிக்கட்டிலும்.

விலங்கு மாட்டினால் தடம் மெல்லிய கோடாக விழும். சணல் கயிறு தோலைச் சீவிவிடும். இது இரண்டும் இல்லை. அகலமாக, மெத்தென்று அமுங்கி, முறுக்கு முறுக்காகப் பதிந்திருந்தது. ஓர் இடத்தில் ஓட்ஸ் வைக்கோலின் துணுக்கு ஒன்று தோலில் ஒட்டியிருந்தது. பட்டாளத்துக்காரன் வைக்கோலைத் திரித்த புரியால் யாரையும் கட்ட மாட்டான். வைக்கோற்புரி ஊருக்குள் இருப்பது. அதில்தான் வைக்கோற்போரைக் கட்டுவார்கள், நாற்காலி பின்னுவார்கள்.

அவள் அந்தத் தடத்தை விளக்கருகே கொண்டுவந்து பார்த்தாள். முறுக்கு சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள். ஊரில் எல்லாருடைய புரியும் வலம்புரி. ஒரே ஒருவனுடையதுதான் இடம்புரி, ஏனென்றால் அவன் இடதுகைக்காரன். எட்டு வருடமாக, ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும், அவள் முக்காலியில் உட்கார்ந்து வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பாள். அவள் புருஷன் டைக் புரி திரிக்கும் கொக்கியைச் சுழற்றிக்கொண்டே பின்னால் பின்னால் நடந்து போவான். காற்றில் பறந்து வந்த வைக்கோற்போரைக்கூட, கட்டைப் பார்த்து இது டைக் லிஹேனுடையது என்று ஊரார் சொல்லிவிடுவார்கள்.

கோப்னிட் அந்தத் துணுக்கை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். அங்கியின் கையை இழுத்துவிட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. ஜூலியாவின் ஜெபமாலையை எடுத்தாள். விரல்களுக்கிடையே வைப்பதற்குப் பதிலாக இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து ஐந்து சுற்றுச் சுற்றினாள்.

மதியத்துக்குமேல் ஊர் வந்தது. கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மூடி, புகையிலைத் தட்டை வைத்தார்கள். டைக்கும் வந்தான். கட்டிலருகே மண்டியிட்டான். ஜெபத்தைத் தொடங்கியவன் அந்த ஐந்து சுற்றைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அறையின் மறுபக்கம் நின்ற மனைவியைப் பார்த்தான். ஜெபம் முடியாமலே எழுந்து வெளியே போய்விட்டான். பாவம், நெருங்கின தோழன் என்றார்கள்.

பெட்டி மூடும் நேரத்தில் ஜூலியா கோப்னிட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லா முடிச்சும் அவுத்துட்டியாடி?"

"அவுத்துட்டேன் அக்கா."

அது உண்மைதான். தாடைக்கட்டு, கால் நாடா, அங்கியின் கழுத்து முடிச்சு எல்லாவற்றையும் அவிழ்த்திருந்தாள். உண்மையைச் சொல்லும்போது தன் குரல் ஏன் அப்படி உள்ளே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, மாட்டுத் தொழுவத்தில், டைக் தானாகவே வாய் திறந்தான். அவனும் இன்னும் மூன்று பேரும் ஆங்கில ஆட்சியை எதிர்த்த ஊர்த் தொண்டர் படையில் இருந்தார்கள். பார்த்தலமி க்ரோனின் அவர்களுக்குத் தலைவன். துப்பாக்கிகளைப் புதைத்து வைத்திருந்த இடத்தை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். டெனி வாரம் ஒரு தடவை போலீஸ் பாராக்ஸின் பின்வாசலுக்குப் போவதை க்ரோனின் பார்த்திருந்தான். போலீசுக்கு யாரும் எதையும் விற்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு இருந்த காலம். டெனி முயல் விற்கப் போனான். அவர்கள் வேறு விதமாக நினைத்தார்கள். திங்கட்கிழமை அவனைச் சுட்டார்கள். செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் துப்பாக்கி புதைத்த இன்னோர் இடத்தையும் போலீஸ் தோண்டிவிட்டது. அந்த இடம் டெனிக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

"புரி என்னோடது," என்றான் டைக். "கட்டினது நான். சுட்டது நான் இல்ல."

"அவங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு."

"என்னன்னு சொல்றது? துப்பு சொன்னான்னு நினைச்சு நாங்கதான் கொன்னோம்னா? அந்த 'நினைச்சு'ங்கிறதை ஊர்ல எவன் காதுல வாங்குவான்? காட்டிக்கொடுத்தவனோட அம்மான்னு அவ முதுகுக்குப் பின்னாடி பேசுவாங்க. இப்போ அவன் நாட்டுக்காகச் செத்தவன். அதையாவது அவளுக்கு விட்டுவை."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் அவன் கழுத்தையும் காப்பாற்றியது. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கோப்னிட்டால் முடியவில்லை. பாலைக் கறந்து முடித்தாள்.

டெனியின் மணிக்கட்டில் மட்டும் ஐந்து சுற்று என்றால் யாராவது ஒருநாள் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அதற்குப் பிறகு அவள் கிடத்திய எல்லாருக்கும் ஐந்து சுற்றுச் சுற்றினாள். கர்த்தரின் ஐந்து திருக்காயங்களுக்காக என்று யாரோ சொல்லிக்கொண்டார்கள். பக்கத்துப் பங்குக் கோயில் பெண்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் சுற்றும்போது, அந்த மாலைக்கு அடியில் தடம் இருக்கிறதா என்று அவள் விலக்கிப் பார்ப்பாள். நிமோனியாவில் போன எண்பது வயதுக் கிழவியின் கையிலும் பார்த்தாள். சில சமயம் இருப்பதுபோலவே தெரியும்.

ஜூலையில் ஆங்கிலேயருடனான சண்டை நின்றது. மலைமேல் தீ வளர்த்து ஆடினார்கள். நவம்பரில், இறந்தவர்களை நினைக்கும் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு முந்தின மாலை, ஹம்ஃப்ரி பால் பண்ணையிலிருந்து வெளிறிப்போய்க் கோப்னிட்டின் வீட்டுக்கு வந்தான். நாற்சந்தியில் மதிலில் சாய்ந்தபடி டெனி நின்றானாம். பழைய கோட்டு, தொப்பி. ஹம்ஃப்ரி பழக்கத்தில் கை தூக்கிவிட்டான். டெனி அவனையே பார்த்துக்கொண்டு நின்றானாம்.

"கையைத் தூக்கல," என்றான் ஹம்ஃப்ரி. "மைல்கல்லுக்குத் தூக்கினவன், எனக்குத் தூக்கல. ரெண்டு கையும் பின்னாடி வச்சிக்கிட்டு நின்னான்."

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, டெனி வந்ததைவிட அவன் கை தூக்காததுதான் விசித்திரமாக இருந்தது. அன்று வண்டியில் எத்தனை பீர் ஏற்றினாய் என்று ஒருவன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. கோப்னிட் அடுப்பருகே நின்றாள். கை பின்னால் ஏன் இருக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்கும் டைக்குக்கும் மட்டும் தெரியும். டைக் எழுந்து மாடு பார்க்கப் போனான். கூல்ரோவில் எந்த மாட்டுக்கும் அவ்வளவு கவனிப்புக் கிடைத்ததில்லை.

அடுத்த சில வருடங்களில் இன்னும் சிலர் பார்த்தார்கள். கோப்னிட்டும் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது, பொழுது சாயும் நேரம். அவள் கை தானாக எழும்பியது. டெனி தலையை மட்டும் லேசாக அசைத்தான். கையால் முடியாதவன் வேறு என்ன செய்வான் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுவிட்டு வெகுநேரம் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையே ஆங்கிலேயருடன் உடன்படிக்கை வந்தது. அதை ஏற்றவர்கள் ஒரு பக்கம், ஏற்காதவர்கள் ஒரு பக்கம் என்று நாடு இரண்டானது. நேற்றுவரை ஒரே பள்ளத்தில் படுத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சுட்டார்கள். க்ரோனின் புதிய அரசாங்கத்தின் பட்டாளத்தில் சேர்ந்து தொப்பி போட்டுக்கொண்டான். டைக் மறுபக்கம். 1922 குளிர்காலத்தில் க்ரோனினின் ஆட்கள் டைக்கைத் தேடி வீடு வீடாக வந்தபோது, அவனுக்கு ஒளிய ஓர் இடம் கொடுத்தவள் ஜூலியா.

"என் பிள்ளையோட சிநேகிதன்," என்றாள் கோப்னிட்டிடம். "டெனியோட கட்டில் மேல பரண்ல சும்மாதானே கிடக்கு."

பதினொரு வாரம் டைக் அந்தக் கட்டிலில் படுத்தான். ஜூலியா அவனுக்கு உருளைக்கிழங்கும் மோரும் ஏணியில் ஏற்றிக் கொடுத்தாள். டெனியின் கம்பளிச் சட்டையைப் போடச் சொன்னாள். அவன் குளிரில் நடுங்கிக்கொண்டே வேண்டாம் என்றானாம். சண்டை முடிந்து வீட்டுக்கு வந்தவன் முன்பிருந்த டைக் இல்லை. அதற்குப் பிறகு அவன் புரி திரிக்கவே இல்லை. வைக்கோற்போரைக் கம்பியால் கட்டினான். காரணம் கேட்டவர்களுக்குக் கம்பிதான் நாகரிகம் என்றான். அந்தப் பதினொரு வாரத்தைப் பற்றிக் கோப்னிட் கேட்கவில்லை. நாற்சந்தியைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான், அப்புறம் தன்னால் அதைத் தாங்க முடியாது என்று பயந்தாள்.

1934-இல் நெஞ்சில் சளி கட்டி டைக் இறந்தான். கடைசி வாரத்தில் ஒரு காலை அவளைக் கூப்பிட்டு, நான் போன பிறகு சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம் என்றான். அவ்வளவுதான். தன் வீட்டுப் பிணத்தைத் தான் கழுவ முடியாது என்பதால் கோப்னிட் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஜூலியா சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பதினொரு வாரம் சோறு போட்டேன், இதையும் நானே செய்கிறேன் என்றாள். கோப்னிட் பக்கத்து அறையில் சுவரோடு சுவராக உட்கார்ந்து தண்ணீர் பிழியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து பார்த்தபோது டைக்கின் மணிக்கட்டில் ஐந்து சுற்று இருந்தது.

அப்போதும் அவள் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து நாற்சந்தியில் நினைவுச் சிலுவை எழுப்ப ஒரு குழு போட்டார்கள். சாம்பல் நிறக் கல்லில் நான்கு பெயர். முதல் பெயர் டெனி க்ரீடன். திரையை ஜூலியா விலக்க வேண்டும், க்ரோனின் பேச வேண்டும். க்ரோனின் இப்போது மாவட்டத்தில் பெரிய ஆள், தலை நரைத்தவர். ஒருநாள் கோப்னிட்டின் வாசலில் காரை நிறுத்தி, கோழிகளை நலம் விசாரித்தார். டைக் நல்ல மனுஷன், வாயடக்கம் உள்ளவன் என்றார். வாயடக்கம் என்ற வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். போய்விட்டார்.

திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜூலியா பாதிரியாரிடம் போய், தன் மகனின் கல்லறையைத் திறக்க வேண்டும் என்று கேட்டாள்.

ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. வயதாகிறதல்லவா என்று தலையில் விரலைச் சுழற்றினார்கள். பாதிரியார் முதலில் நல்லபடியாகச் சொன்னார், பிறகு கோபித்துக்கொண்டார், பிறகு கோப்னிட்டுக்கு ஆள் அனுப்பினார். நீதான் அவளுக்கு நெருக்கம், என்ன என்று கேள் என்றார்.

அது சனிக்கிழமை. ஜூலியா மேசையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். டெனியைக் கிடத்திய அதே மேசை. கோப்னிட் கேட்பதற்கு முன்பே அவளாகச் சொன்னாள். பெட்டி மூடுவதற்கு முன், எல்லா முடிச்சையும் அவிழ்த்தாகிவிட்டது என்று கோப்னிட் சொன்ன பிறகு, தன் கழுத்தில் கயிற்றில் தொங்கிய உத்தரியத்தை, அந்த மந்திரித்த துணித்துண்டை, கழற்றி மகன் கழுத்தில் போட்டிருக்கிறாள். கயிறு அறுந்துபோயிருந்ததால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டாள். பதற்றத்தில் யோசிக்கவில்லை. பதினைந்து வருடமாக அந்த ஒரு முடிச்சைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அதனாலதான் அவன் கை தூக்க மாட்டேங்கறான்," என்றாள். "நான் போட்ட முடிச்சுடி அது. பெத்தவளே கட்டிப்போட்டுட்டேன். போய் அவுக்க விட மாட்டேங்கறாங்க."

அவள் அழவில்லை. மாவைப் பிசைவதை நிறுத்தவும் இல்லை. அது வெகுநேரத்துக்கு முன்பே பிசைந்து முடிந்துவிட்ட மாவு.

கோப்னிட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். டைக்கைக் காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை. டெனியின் பெயரைக் காப்பாற்றத்தான் மௌனம் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மௌனம் இந்தப் பக்கம் ஒருத்தியை உட்காரவைத்துத் தின்றுகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

"உங்க முடிச்சு இல்ல அக்கா," என்றாள். "அவன் கையைக் கட்டித்தான் சுட்டாங்க. நான் கழுவும்போது தடத்தைப் பார்த்தேன். வைக்கோற்புரி."

ஜூலியாவின் கை மாவுக்குள் நின்றது.

"யாரோட புரி?"

"டைக்கோடது."

"சுட்டது?"

"அவன் இல்லன்னான். யாருன்னு சொல்லல. க்ரோனின்தான் கூட்டிட்டுப் போனது. துப்பு சொன்னான்னு நினைச்சிட்டாங்க. அடுத்த நாளே தப்புன்னு தெரிஞ்சிருச்சு."

அடுப்பில் கெண்டி கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. இருவரும் எழுந்து அதை இறக்கவில்லை. ஜூலியா விரல்களிலிருந்து மாவை ஒவ்வொன்றாக உரித்தாள்.

"என் பிள்ளை கட்டில்ல அவன் படுத்தான்."

"ஆமா."

"நான் அவனைக் கழுவினேன்."

"ஆமா அக்கா."

கத்துவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று கோப்னிட் காத்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஜூலியா கேட்டது வேறு.

"டெனி கடைசியா என்ன சொன்னான்?"

கோப்னிட் வாயைத் திறந்தாள்.

"தெரியாது அக்கா."

"டைக் சொல்லலியா?"

"நான் கேக்கல."

"கேக்கல," என்றாள் ஜூலியா. "பதிமூணு வருஷம் ஒரே கட்டில்ல அவன்கூடப் படுத்து எந்திரிச்சே. என் பிள்ளை ஏதாவது சொன்னானான்னு ஒரு நாளும் கேக்கல."

ஜூலியா ரொட்டியைத் தட்டி, மேலே சிலுவைக் கோடு கீறி, அடுப்பில் வைத்தாள். கோப்னிட் எழுந்து போனபோது, போய் வா என்று வழக்கமாகச் சொல்வதை ஜூலியா சொல்லவில்லை.

கல்லறையைத் திறக்கும் பேச்சு அன்றோடு நின்றுபோனது. தன் சாமர்த்தியம் என்று பாதிரியார் நினைத்துக்கொண்டார்.

விழாவன்று மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்று பங்குக் கோயில்களிலிருந்து ஜனம். ஊதுகுழல்காரர்கள் ஒதுங்க இடமில்லாமல் மரத்தடியில் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். க்ரோனின் அரை மணி நேரம் பேசினார். அந்நியன் குண்டு என்றார். அன்னை அயர்லாந்தின் மடி என்றார். இவ்வளவு பேசுகிறவர் எங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று ஹம்ஃப்ரி முணுமுணுத்தான். பிறகு ஜூலியாவைக் கைபிடித்து மேடைக்கு அழைத்தார்கள். கறுப்புச் சால்வையில் அவள் மிகச் சிறியவளாகத் தெரிந்தாள். திரையின் கயிறு அவள் கையில் கொடுக்கப்பட்டது.

அவள் இழுக்கவில்லை. க்ரோனின் பக்கம் திரும்பினாள். முன்வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கும் குரலில், நிதானமாகக் கேட்டாள்.

"நீங்க அவன்கூட இருந்தீங்களே. என் பிள்ளை கடைசியா என்ன சொன்னான்?"

தாயின் பாசம் என்று சில பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். க்ரோனின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவள் கோப்னிட் ஒருத்திதான். அந்த முகத்திலிருந்து மாவட்டமும் மேடையும் காரும் எல்லாம் ஒவ்வொன்றாக வடிந்து போனதை அவள் பார்த்தாள். மழையில் நனைந்த ஒரு கிழவர் மிச்சம் நின்றார். தொப்பியைக் கழற்றினார். பாதிரியார் இருமினார். குழல்காரன் ஒருவன் தொடங்கலாமா என்று கண்ணால் கேட்டான்.

க்ரோனின் குனிந்து ஜூலியாவின் காதில் பேசினார். ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ இல்லை. நீளமாகப் பேசினார். ஜூலியா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஒரு தடவை தலையசைத்தாள். ஒரு தடவை அவள் உதட்டோரம் அசைந்தது. அது சிரிப்பா என்று கோப்னிட்டால் தீர்மானிக்க முடியவில்லை. பிறகு ஜூலியா கயிற்றை இழுத்தாள். திரை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றது. இரண்டு பேர் ஏறி அதை உருவிவிட்டார்கள்.

கலைந்து போகும்போது ஜூலியா கோப்னிட்டைத் தாண்டி நடந்தாள். நின்று, மழை விட்டுவிடும் போலிருக்கிறது என்றாள். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கோழி முட்டையிடாதது, பூசைக்கு யார் வரவில்லை, உருளைக்கிழங்கில் கருகல் வந்ததா இல்லையா. ஜூலியா அவளை ஊரில் ஒருவரிடமும் குறை சொல்லவில்லை. டைக்கைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. க்ரோனின் காதில் என்ன சொன்னார் என்ற கேள்வியின் விளிம்புவரை கோப்னிட் பல தடவை போனாள். அந்த நேரம் பார்த்து ஜூலியா எழுந்து அடுப்பைக் கிளறுவாள்.

1943-இல் ஜூலியா படுத்தாள். இறந்ததும் வழக்கப்படி கோப்னிட் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு போனாள். வாசலில் ஹம்ஃப்ரியின் மருமகள் நின்றாள். முகம் சிவந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னாள். வேறு ஆள் கழுவட்டும் என்று ஜூலியா பாதிரியாரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாளாம். கோப்னிட் சரி என்றாள். சமையலறைக்குப் போய், வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள்.

அந்த மாதமே அவள் க்ரோனினைத் தேடிப் போனாள். அவர் தோட்டத்தில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று ஜூலியாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். மறைக்கிறவரின் பார்வை இல்லை அது.

"பதினஞ்சு வருஷம் அவன் சொன்னது என் காதுலயே இருந்துச்சு அம்மா," என்றார். "அவங்ககிட்ட சொன்னேன். சொன்ன மறுநாள் நினைவுல தேடிப் பார்த்தேன். இல்ல. போயிடுச்சு."

கோப்னிட் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

அவள் எழுபத்து மூன்று வயதுவரை இருந்தாள். கடைசி வருடங்களில் பால் கறக்கும்போது தனக்குத்தானே பேசுவதை அக்கம்பக்கத்தார் கேட்டிருக்கிறார்கள். ஒரு பத்தொன்பது வயதுப் பையன், கை பின்னால் கட்டப்பட்டு, தெரிந்த நாலு முகங்களைப் பார்த்து என்ன சொல்லியிருப்பான் என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்ப்பாள். அம்மாவைப் பற்றி ஒன்று. கெஞ்சலாக ஒன்று. டைக்கைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒன்று. எதுவும் டெனி சொன்னதுபோல் இருக்காது. எல்லாம் அவள் குரலிலேயே வந்தன. ஊரே கேலி செய்து சிரித்த அந்தப் பையனின் குரல் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் ஆளும் மிச்சமில்லை.